நீல நிறப் புத்தகப் பை: திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரேயொரு படத்தைப் பற்றியது. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கே போய்க் கடற்கரைப் பக்கம் திரும்பினால் வரும் மீனவக் கிராமமொன்றில், புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்திய வாரத்தில், பாடசாலை உபகரணங்கள் வழங்கும் நிகழ்வில் நான் அதை எடுத்தேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நீல நிறப் புத்தகப் பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். கிராமத்தின் பெயரையும் சிறுமியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே தரவில்லை. அதற்கான காரணம் இந்த எழுத்து முழுவதிலும் இருக்கிறது.

நான் திருகோணமலையில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துபவன். கல்யாண வீடும் பூப்புனித நீராட்டு விழாவும் கோயில் திருவிழாவுமே என் வருமானம். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் இந்த நிறுவனத்துக்குக் கூலி வாங்காமல் படம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனம் மாலை நேர வகுப்புகளை நடத்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கொப்பி, பை, சப்பாத்து வழங்குகிறது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் எம்மூரவர்கள் மாதாமாதம் அனுப்பும் சிறு தொகைகளால் நடக்கிறது. அதன் வேலை நல்ல வேலை என்று நான் நம்புகிறேன், இன்றும் அதனோடுதான் இருக்கிறேன். நல்ல வேலையொன்றுக்குள் ஒரு தவறு யார் யாருடைய கைகளின் வழியே போய் முழுமையடைந்தது என்பதை, என் கையில் தொடங்கி, வரிசையாகப் பார்ப்பதே என் நோக்கம்.

நிகழ்ந்தது

நிகழ்வு ஒரு பொது மண்டபத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. தகரக் கூரை, இரண்டு கதவுகள், மேற்குப் பக்கக் கதவால் உள்ளே விழுந்த கடுமையான வெயில். பிளாஷ் அடித்தால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிவிடுவார்கள் என்பதால், 35 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டி, கமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தி, முழங்காலில் இருந்தபடி பிள்ளைகளின் கண் மட்டத்தில் எடுத்தேன். தொழிலைப் பொறுத்தவரை அதில் நான் குறை காணவில்லை. அந்தச் சிறுமியின் முறை வந்தபோது பையை நீட்டிய விருந்தினர், நான் கேட்காமலே, பையை விடாமல் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். சிறுமியும் பையை இழுக்க முடியாமல், என்ன செய்வதென்று தெரியாமல், என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கணத்தில் எடுத்தேன். நல்ல ஒளி, கூர்மையான கண்கள், நீலப் பையின் நடுவே வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் இலச்சினை.

அன்று மாலையே நினைவக அட்டையிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் இறக்கிவிட்டு வீடு திரும்பினேன். இரவு எட்டு மணியளவில் படம் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் ஏறியது. அதன் கீழே சிறுமியின் முதற்பெயரும் பாடசாலையின் பெயரும், "தந்தையை இழந்து வறுமையில் வாடும்" என்ற தொடரும் இருந்தன. நானும் பார்த்தேன், விருப்பக்குறி இட்டேன். விருப்பங்கள் வழக்கத்தை விடக் கூடுதலாகச் சேர்ந்தன, பலர் பகிர்ந்தார்கள், இரண்டு புதிய நன்கொடையாளர்கள் தொடர்புகொண்டார்கள். அன்றைய கணக்கில் அது வெற்றிகரமான படம்.

சிறுமியின் தந்தை இறக்கவில்லை. அவர் கட்டாரில் கட்டட வேலை செய்கிறார்.

தாயின் வருகை

மூன்று வாரங்களின் பின் தாய் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். மகள் மாலை வகுப்புக்குப் போக மறுக்கிறாள் என்றார். வகுப்பில் ஒரு பையன் அவளிடம், "உன்ர அப்பா செத்துப்போனாராமே, பேஸ்புக்கில கிடக்கு" என்று சொல்லியிருக்கிறான். அதே படத்தைக் கட்டாரில் கூட வேலை செய்யும் ஒருவர் தந்தைக்குக் காட்டியிருக்கிறார். இரவு அவர் அழைப்பெடுத்து என்ன பேசினார் என்பதைத் தாய் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து நின்ற எனக்கு, அவருடைய அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. கைத்தொலைபேசியில் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணா, நீங்க எடுத்த படம் வடிவாத்தான் இருக்கு. அதில குறை சொல்ல வரயில்ல. ஆனா இவள்ட அப்பா உயிரோட இருக்கிறார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னது, அதன் பின் நான் எடுத்த ஒவ்வொரு படத்தோடும் கூடவே வருகிறது.

"சுனாமி நேரம் எனக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்திலதான் முகாம். சாப்பாட்டுக் கோப்பையோட லைன்ல நிக்கேக்க ஆரோ வந்து என்னைப் படம் எடுத்தவங்கள். பேர் கேட்டு எழுதினவங்கள். அந்தப் படம் எங்க போனதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. எங்கயோ கிடக்கும் என்ன?"

2004 டிசம்பர் 26க்குப் பின்னான மாதங்களில் இந்தக் கரை முழுவதும் கமராக்கள் வந்தன. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று எல்லா முகாம்களிலும் பிள்ளைகள் படமெடுக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் உதவியைக் கொண்டு வந்தன என்பதை மறுக்க முடியாது. அவற்றில் இருந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். தம் பிள்ளையை நோக்கி ஒரு கமரா திரும்பும்போது அவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கே பிழைத்தது

முதற் காரணம், படம் எடுத்த முறையிலேயே இருந்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரு பொருளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கும் அந்த நிலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, அது எங்கள் கல்யாண மேடையிலிருந்து வந்தது என்று எனக்குப் பட்டது. மணமக்களிடம் பரிசுப் பொதியை நீட்டுபவர் கையை எடுக்காமல் ஒரு கணம் நிற்பார். நான் எடுத்து முடித்ததும் இறங்குவார். ஆயிரக்கணக்கான முறை அப்படி எடுத்திருக்கிறேன். அங்கே அந்த நிலையில் ஒரு தீங்கும் இல்லை, ஏனென்றால் மேடையில் வாங்குபவர்தான் அன்றைய நாளின் தலைவர். கொடுப்பவர் வரிசையில் நின்று வந்தவர். பொருள் வழங்கும் மண்டபத்தில் வரிசையில் நிற்பது பிள்ளை. உடல்களின் நிலை ஒன்றுதான் என்றாலும் அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது. கை பழகிய பழக்கத்தை நான் இடம் பார்க்காமல் கொண்டு போனேன்.

இரண்டாவது காரணம் கையொப்பத் தாள். அனுமதி பெற்றோம் என்று நிறுவனம் சொன்னது. உண்மையாகவே தாயின் கையொப்பம் இருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். பை பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் படத்துக்கான சம்மதமும் ஒரே வரியில், ஒரே பேனையால், ஒரே வரிசையில் நின்றபடி வாங்கப்பட்டிருந்தன. படத்துக்குச் சம்மதிக்காவிட்டால் பை கிடைக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லைதான். ஆனால் கிடைக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. பின்னால் முப்பது பேர் காத்து நிற்க, முன்னால் பை அடுக்கப்பட்டிருக்க, ஒரு தாய் அந்த இடத்தில் வேறு என்ன செய்வார்? அதைச் சம்மதம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. "தந்தையை இழந்து" என்ற தொடரைப் பொய்யாக யாரும் எழுதவில்லை. பயனாளிகள் பட்டியலில் "தந்தை வீட்டில் உள்ளாரா" என்ற நிரலொன்று இருந்தது. அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே "இல்லை" என்று இருந்தது. பட்டியலைத் தட்டச்சுச் செய்தபோது நிரலின் தலைப்பு "தந்தை" என்று சுருங்கியது. பட்டியலைப் பார்த்து முகநூலுக்கு எழுதிய இளைஞர் "தந்தை: இல்லை" என்பதை இயல்பாக அப்படித்தான் விளங்கிக்கொண்டார். போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளையும் கடலில் தகப்பனை இழந்த பிள்ளைகளையும் கண்டு வளர்ந்த ஊரில் அந்த விளக்கம் யாருக்கும் ஐயத்தை எழுப்பவுமில்லை. மூன்று பேர் நேர்மையாகச் செய்த வேலையில், உயிரோடிருந்த ஒருவர் இறந்துபோனார்.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்றும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு எடுத்து முடித்த படம் எட்டு மணிக்கு உலகத்துக்குப் போய்விட்டது. நடுவில் இருந்த மூன்று மணித்தியாலங்களில் அதைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அந்த ஒருவர் நானாக இருந்திருக்க வேண்டும்.

சட்டமும் விதியும் இல்லாததால் இது நடக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம் 1989இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதை 1991இல் அங்கீகரித்தது. பிள்ளையின் அந்தரங்கத்தையும் மதிப்பையும் அதன் 16ஆம் உறுப்புரை காக்கிறது. தன்னைப் பற்றிய விடயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கம் எங்கள் மண்டபச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகைக்குள் வைக்கிறது. அடையாளம் காணக்கூடிய முகமும், அதன் கீழே பெயரும் பாடசாலையும் தரவு அல்லாமல் வேறென்ன? கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் தொண்டருக்கு இவற்றில் ஒரு வரியையாவது முதல் நாளில் வாசித்துக் காட்டும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீக்கியதும் நீக்க முடியாததும்

தாய் வந்த அன்றே பதிவு நீக்கப்பட்டது. நிறுவனத்தின் பொறுப்பாளர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். கட்டாரிலிருந்த தந்தையிடமும் தொலைபேசியில் பேசினார். மூலப் பதிவை நீக்கியதும் அதைப் பகிர்ந்தவர்களின் பக்கங்களிலும் படம் மறைந்தது. ஆனால் தரவிறக்கித் தம் பக்கத்தில் மீண்டும் ஏற்றியவர்களின் பதிவுகள் அப்படியே நின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் போனதை எண்ணவே முடியாது. தேடிக் கண்டுபிடித்த நான்கு பதிவுகளின் உரிமையாளர்களுக்கு எழுதினோம். மூவர் உடனே நீக்கினார்கள்.

அலுவலகக் கணினியை ஒழுங்குபடுத்தியபோது இன்னொரு விடயம் தெரிய வந்தது. வீடு வீடாகப் போய்த் தகவல் சேர்த்த தொண்டர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களின் கோப்புகளில், படம் எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்திருந்தன. முகநூலில் ஏற்றும்போதும் வாட்ஸ்அப்பில் வழக்கமான படமாக அனுப்பும்போதும் அந்த விபரம் கழன்றுவிடும். மின்னஞ்சலில் மூலக் கோப்பாகவோ வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பினால் கூடவே போகும். பல மாதங்களாகப் பிள்ளைகளின் முகத்தோடு வீட்டு வாசலையும் சேர்த்து நாங்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாற்றிய முறை

சம்மதத் தாளையும் பொருள் பெற்ற ஒப்பத்தையும் பிரித்தோம். இப்போது நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பே, பொருள் எதுவும் கண்முன் இல்லாத ஒரு மாலையில், தாய்மாரிடம் தாளை வாசித்துக் காட்டுகிறோம். படம் அறிக்கைக்கு மட்டுமா, இணையத்துக்குமா, எதற்கும் வேண்டாமா என்று மூன்று கட்டங்கள். எந்தக் கட்டத்தில் அடையாளம் இட்டாலும் பை உண்டு என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். பிள்ளையிடம் தனியாகக் கேட்கிறோம். தாய் சம்மதித்தும் பிள்ளை தலையாட்டாவிட்டால் எடுப்பதில்லை. பெயரும் பாடசாலையும் எந்தப் பதிவிலும் வருவதில்லை. குடும்ப நிலை பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

ஆனால் என்னைக் கூடுதலாக மாற்றியது வேறொன்று. எடுத்த படங்களை வெளியிடுவதற்கு முன், நாலுக்கு ஆறு அளவில் அச்சிட்டு, அடுத்த வகுப்பு நாளில் தாய்மாரின் கையில் கொடுக்கத் தொடங்கினேன். பிடித்ததை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம், பிடிக்காததை ஒதுக்கலாம், ஒதுக்கியது எங்கும் போகாது. முதல் நாளில் பாயில் இருந்த ஒரு தாய், படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை மட்டும் மடியில் கவிழ்த்து வைத்தார். அந்தத் தொகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அது. பையன் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். விரலால் காட்டினார்: சட்டையின் மேற்பொத்தான் இருந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. பட்டிருந்தாலும் அதைப் படத்தின் அழகென்று எண்ணியிருப்பேன். ஒதுக்கப்பட்ட படங்களில் வாரப்படாத தலையும், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அருகில் நின்றதும், அவிழ்ந்த சப்பாத்து நாடாவும் காரணங்களாக இருந்தன. கல்யாண அல்பத்தில் ஒரு மணமகள் இதே காரணங்களைச் சொன்னால் மறுபேச்சின்றி அந்தப் படத்தை எடுத்துவிடுவேன். பணம் கொடுப்பவருக்குத் தரும் அந்த உரிமையை, பணம் கொடுக்காதவருக்குத் தருவதற்கு எனக்கு இத்தனை காலம் பிடித்தது.

முகம் தெரியாமல் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை இடுவதையும் முகத்தை மங்கலாக்குவதையும் நான் செய்வதில்லை. பத்திரிகைகளில் சந்தேகநபர்களுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்தால், பிள்ளை ஏதோ குற்றம் செய்ததுபோல் தோன்றும். எடுக்கும்போதே இடத்தை மாற்றிக்கொள்வதுதான் வழி. எழுதும் பிள்ளையின் தோளுக்குப் பின்னாலிருந்து கொப்பியையும் பென்சிலையும் எடுக்கலாம். எங்கள் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கடலை நோக்கி எடுத்தால் பிள்ளைகள் நிழலுருவாக வருவார்கள். ஓடுவது தெரியும், யார் என்பது தெரியாது. மாலை வகுப்பில் மேற்குக் கதவால் வரும் ஒளி மேசைகளில் மட்டும் விழும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம் நீடிக்கும். அந்த இருபது நிமிடத்துக்காகவே இப்போது போகிறேன்.

நன்கொடையாளர்களின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து பணம் அனுப்புபவர், அது உரிய கைக்குப் போனதா என்று கேட்பது தவறில்லை. அந்தக் கேள்விக்கு முகத்தைப் பதிலாகக் கொடுத்துப் பழக்கியவர்கள் நாங்கள்தான். இப்போது கடைச் சிட்டைகளையும், மண்டபத்தில் அடுக்கிய பைகளை எண்ணும் படத்தையும், ஒப்பத் தாளின் மொத்த எண்ணிக்கையையும், வகுப்பு நடக்கும் படங்களையும் அனுப்புகிறோம். பலர் ஏற்றுக்கொண்டார்கள். "பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது" என்று எழுதிய ஒருவரிடம் நடந்ததை விளக்கினோம். அடுத்த ஆண்டு அவருடைய தொகை வரவில்லை. அது சிறிய தொகையல்ல. அந்த ஆண்டு சப்பாத்து வழங்க முடியாமல் போனதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மூதூர்ப் பக்கம்

இதே முறையை மூதூர்ப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் கிராமத்துக்குக் கொண்டு போனபோது அது போதவில்லை. ஆண் ஒருவன் கமராவோடு நின்றதே அங்கே உம்மாமார் வகுப்பறைக்குள் வராமல் வாசலில் நின்றதற்குக் காரணம் என்று ஆசிரியை பிறகு சொன்னார். அடுத்த முறை நான் போகவில்லை. எங்கள் தொண்டர்களில் ஒரு பெண்ணுக்குக் கமராவைப் பழக்கி அனுப்பினேன். ஒளி அளவில் பிழைகள் இருந்தன, சில படங்கள் ஆடியிருந்தன; ஆனால் நான் ஒருபோதும் எடுத்திருக்க முடியாத நெருக்கம் அவற்றில் இருந்தது.

இன்றைய நிலை

சிறுமி இரண்டு மாதங்களின் பின் வகுப்புக்குத் திரும்பினாள். பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்கும் பிரட்ரிக் கோட்டைக்கும் கூட்டிப்போன நாளில் அவளும் வந்தாள். முதுகில் அதே நீலப் பை. வெள்ளை எழுத்து இருந்த இடத்தில், சிவப்புச் சட்டைத் துணியில் வெட்டிய பூவொன்றை, நெருக்கமான சிறு தையல்களால் தாய் தைத்து மூடியிருந்தார். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "அம்மா தைச்சவ" என்றாள். அடுத்த ஆண்டிலிருந்து பைகளை இலச்சினை இல்லாமல் வாங்குகிறோம்.

கோட்டைக்குள் மான்கள் மரநிழலில் படுத்திருந்தன. மற்றப் பிள்ளைகள் என்னைச் சுற்றி "அண்ணா என்னையும், என்னையும்" என்று நின்றபோது அவள் சற்றுத் தள்ளி நின்றாள். உன்னை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நான் மானை எடுக்கட்டா?" என்றாள். கமராவின் பட்டியை அவள் கழுத்தில் மாட்டி, லென்ஸைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். பதினொரு படங்கள் எடுத்தாள். அவற்றில் ஒன்றில் மான் தலையைத் திருப்பி நேரே அவளைப் பார்க்கிறது. அதை அச்சிட்டுக் கொடுத்தேன். அவளைப் பற்றிய கோப்புகள் அனைத்தையும், முன்னர் எடுத்த மூலப் படத்தோடு சேர்த்து, பொறுப்பாளரின் முன்னிலையில் கணினியிலிருந்தும் வெளி வன்தட்டிலிருந்தும் அழித்தோம்.

நான்காவது பதிவு இன்னும் நீங்கவில்லை. எந்த நாட்டிலிருந்து நடத்தப்படுகிறது என்று தெரியாத ஒரு பக்கத்தில், பெயரோடும் பாடசாலையோடும் "தந்தையை இழந்து" என்ற தொடரோடும் அது இருக்கிறது. முகநூலுக்கு முறையிட்டோம், பக்கத்தின் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் எழுதுகிறேன். இந்த மாதத்துக்கான கடிதத்தை நேற்று அனுப்பினேன்.